பூட்டப்பட்ட கணக்கும் நான் பூட்டிய கதவும்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் தூக்கம், சாப்பாடு, பரீட்சை நேரத்துத் தலைவலி என்று ஏதாவது சுகாதாரக் குறிப்பு எழுதுவேன். இந்த முறை என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லப்போகிறேன். அதில் எனக்கு நேர்ந்த ஓர் அநியாயம் இருக்கிறது. நான் இன்னொருவருக்குச் செய்த அநியாயமும் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

2025 பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். நைட் டியூட்டி முடித்து டிராமில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கண் எரிந்தது. தூங்குவதற்குமுன் நம்முடைய வாலிபர் ஐக்கியத்தின் பக்கத்தில் யாராவது பதில் போட்டிருக்கிறார்களா என்று ஃபோனைத் திறந்தேன். “உங்கள் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது. எங்கள் விதிமுறைகளுக்கு மாறாக ஸ்பேம் அனுப்பியுள்ளீர்கள்” என்று ஜெர்மன் மொழியில் வந்தது. யாரோ ஏமாற்ற அனுப்பியது என்றே முதலில் நினைத்தேன். வெளியே வந்து மறுபடி நுழைந்தேன். அதே செய்தி.

முந்தின நாள் மாலை நான் செய்தது இதுதான். பெரிய வெள்ளி ஆராதனையின் நேரம், மண்டபத்தின் விலாசம், வரைபட இணைப்பு மூன்றையும் ஒரே செய்தியாக எழுதி, தெரிந்தவர்கள் அறுபது பேருக்குமேல் ஒவ்வொருவராக அனுப்பினேன். நான்கு குழுக்களிலும் போட்டேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். போதாததற்கு, அந்த வாரம்தான் புது ஃபோன் வாங்கியிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரே வாசகம், ஒரே இணைப்பு, குறுகிய நேரத்தில் பலபேருக்கு, அதுவும் முன்பின் தெரியாத ஒரு புதுக் கருவியிலிருந்து. கணக்கைத் திருடி மோசடி இணைப்பு அனுப்புகிறவர்கள் செய்வதும் அச்சாக இதேதான். இயந்திரத்துக்கு எண்ணிக்கையும் வேகமும் தெரியும். ஆராதனைக்குக் கூப்பிடுகிறவள் யார், ஆளை ஏமாற்றுகிறவன் யார் என்பது தெரியாது.

அந்தக் கணக்கு நான் கல்லூரியில் நர்சிங் படித்தபோது 2012-இல் தொடங்கியது. எனக்கு அதில் பெரிய சொத்து ஒன்று இருந்தது. என் அப்பா 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் நாகர்கோவிலில் இறந்துபோனார். நான் இங்கே வார்டில் நின்றேன். அடக்க ஆராதனையை ஃபோனில்தான் பார்த்தேன். அப்பாவுக்கு நீளமாக எழுத வராது. நான் போடும் ஒவ்வொரு படத்தின் கீழும் “நல்லாருக்கு மக்களே” என்று மட்டும் எழுதுவார். பனியில் நான் வழுக்கி விழுந்து கையில் கட்டோடு நின்ற படத்துக்கும் அதையேதான் எழுதினார். ஒன்பது வருஷத்து “நல்லாருக்கு மக்களே” எல்லாம் அந்தப் பூட்டுக்குள் போய்விட்டது. நான் எதையும் தனியாக எடுத்து வைத்திருக்கவில்லை.

மேல்முறையீடு செய்ய ஒரு பொத்தான் இருந்தது. முகத்தை இடமும் வலமும் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. அனுப்பினேன். இருபது நிமிஷத்துக்குள் பதில் வந்தது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. இருபது நிமிஷத்தில் பரிசீலித்தவர் யார், எதைப் பார்த்தார், நான் அனுப்பிய தமிழ்ச் செய்தியை அவரால் வாசிக்க முடிந்ததா, ஒன்றும் தெரியவில்லை. கேட்க ஒரு ஃபோன் நம்பர் இல்லை. நான் நிர்வகித்ததால் ஐக்கியத்தின் பக்கமும் சேர்ந்தே மறைந்துவிட்டது.

அதைவிட வலித்தது வேறொன்று. பெரிய வெள்ளி அன்று மண்டப வாசலில் ஓர் ஆன்டி என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “என்ன பிள்ளை, ஏதும் பிழையாப் போட்டனீங்களோ? ஒண்டும் இல்லாமல் நிப்பாட்ட மாட்டினமே?”

அவர் அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அன்றைய ஆராதனை முழுவதும் அந்த ஒரு கேள்விதான் என் காதில் இருந்தது. எதுவும் செய்யாமல் நிறுத்துவார்களா? அந்த இயந்திரம் என் கணக்கை மட்டும் எடுக்கவில்லை. என்மேல் ஒரு சந்தேகத்தையும் வைத்துவிட்டுப் போயிருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்த கதை அல்ல. 2020 மார்ச் 17-ஐ என்னைப்போன்ற நர்ஸ்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா பற்றிய சரியான செய்தி மக்களுக்கு அவசரமாகப் போய்ச்சேர வேண்டிய வாரம் அது. அன்று ஃபேஸ்புக்கில் நம்பகமான செய்தி நிறுவனங்களின் இணைப்புகள்கூட ஸ்பேம் என்று நீக்கப்பட்டன. தானியங்கி முறையில் கோளாறு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு அவற்றைத் திரும்ப வைத்தது. 2025 ஜூனில் ஃபேஸ்புக் குழுக்கள் பல திடீரென்று இடைநிறுத்தப்பட்டன. அப்போதும் அது தொழில்நுட்பப் பிழை என்றுதான் மெட்டா சொன்னது.

அதற்காக, ஸ்பேமை யாரும் தடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். இந்தியாவில் மட்டும் 2021 மே நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள் 20 லட்சம் கணக்குகளைத் தடைசெய்ததாக வாட்ஸ்அப் அறிவித்தது. அவற்றில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவை மொத்தமாகச் செய்தி அனுப்பியதற்காகத் தடைசெய்யப்பட்டவை. இவ்வளவையும் மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. ஊரில் நம்முடைய பெற்றோர்கள் எத்தனை பேர் போலி வேலை விளம்பரத்திலும் போலி வங்கிச் செய்தியிலும் பணத்தை இழந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். வேலி வேண்டும்தான்.

ஆனால் வேலி எப்படிப் பிழை செய்கிறது என்பதை நாங்கள் நர்சிங்கில் முதல் வருஷங்களிலேயே படிக்கிறோம். ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன், காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் கணக்குகள் இருக்கின்றன. அவற்றில் நூற்றில் ஒன்று மோசடிக் கணக்கு, அதாவது 10,000. நம்மிடம் இருக்கும் சோதனை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொல்லும். அப்படியானால் மோசடிக்காரர்களில் 9,900 பேரைப் பிடித்துவிடும். நல்லவர்கள் 9,90,000 பேரில் நூற்றில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கும். அதுவும் 9,900 பேர். பிடிபட்டவர்களில் சரிபாதி குற்றமில்லாதவர்கள்! 99 சதவீதம் சரியான சோதனையின் லட்சணம் இது. ஆகவே சோதனையில் மாட்டியது என்பதும் குற்றம் செய்தார் என்பதும் ஒன்றல்ல.

இதனால்தான் ஆஸ்பத்திரியில் முதல் சோதனையோடு நாங்கள் நிற்பதில்லை. எங்கள் வார்டுக்கு வரும் சிலருக்கு மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்போம். பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி அது. விரைவுச் சோதனையில் ‘இருக்கிறது’ என்று வந்தால் தனி அறையில் வைப்போம். உள்ளே போக மேலங்கி, கையுறை, முகக்கவசம் எல்லாம் போட வேண்டும். ஆனால் ஏன் தனி அறை என்று அவருக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்வோம். சாப்பாடு போகும், மருந்து போகும், மணி அடித்தால் ஆள் போகும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு இரண்டு மூன்று நாளில் வரும். இல்லை என்று வந்தால் கதவைத் திறந்து, “மன்னிக்கணும், வெளியே வரலாம்” என்று சொல்வோம்.

தனிமைப்படுத்துவது வேறு, தள்ளிவிடுவது வேறு. காரணம் சொல்வதும், திரும்பப் பார்ப்பதும், திரும்பி வர வழி வைப்பதும்தான் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

வேதாகமத்தை வரிசையாக வாசிக்கும்போது லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் நம்மில் பலர் தூங்கிவிடுவோம். தோலில் தடிப்பு, வெள்ளை மயிர், சொறி என்று போகும். நர்ஸாக வாசித்தபோது எனக்கு அது ஒரு வார்டு நடைமுறைபோலவே இருந்தது. சந்தேகம் என்றால் ஆசாரியன் உடனே தீட்டுள்ளவன் என்று சொல்லிவிடக் கூடாது. ஏழு நாள் அடைத்துவைத்து, ஏழாம் நாளில் தானே வந்து பார்க்க வேண்டும். இன்னும் தெளிவில்லை என்றால் மறுபடி ஏழு நாள், மறுபடி பார்க்க வேண்டும். பரவவில்லை என்றால் சுத்தமானவன் என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அடைத்தவனேதான் திரும்ப வந்து பார்க்க வேண்டும்.

உயிர்த்தெழுதல் ஞாயிறு முடிந்த இரவில் இந்த அதிகாரத்தை நினைத்துக்கொண்டு, என்னை அடைத்தவர்கள் திரும்ப வந்து பார்க்கவில்லையே என்று மனதுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அங்கிளின் முகம் நினைவுக்கு வந்தது.

அதற்கு முந்தின வருஷம் ஜனவரியில் நம் சபை வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகிகளில் நானும் ஒருத்தி. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அந்த அங்கிளின் நம்பரிலிருந்து ஒரு முதலீட்டு விளம்பரம் வந்தது. பத்து நிமிஷத்தில் இன்னும் இரண்டு. டியூட்டியில் தேநீர் இடைவேளையில் இருந்த நான் பார்த்தவுடன் அவரை நீக்கினேன். “இப்படிப்பட்ட விளம்பரங்களைச் சபைக் குழுவில் போடுகிறவர்கள் உடனே நீக்கப்படுவார்கள்” என்றும் எழுதினேன். காலையில் பன்னிரண்டு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். நல்ல காரியம் செய்ததாக நினைத்து மறந்தும்விட்டேன். கொஞ்ச நாளில் அங்கிளும் ஆன்டியும் ஆராதனைக்கு வருவது நின்றது. வேறு சபைக்குப் போகிறார்கள்போல என்று பேசிக்கொண்டோம். நானும் அப்படித்தான் பேசினேன்.

அதாவது, என்னிடம் இருந்த பொத்தானை நான் அழுத்தியபோது, இருபது நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவருக்கு ஃபோன் செய்தேன். பெயரைச் சொன்னதும் ஒரு நிமிஷம் சத்தமில்லை.

“ஓம் பிள்ளை, சொல்லுங்கோ.”

அந்த இரவு விஷயத்தைக் கேட்டேன். “அது நான் அனுப்பேல்லை பிள்ளை. தெரிஞ்ச ஒராள் மாதிரி எழுதி, ஆறு இலக்கம் வந்திருக்கும் அனுப்புங்கோ எண்டு கேட்டாங்கள். அனுப்பிப் போட்டன். பிறகு என்ர நம்பர் அவங்கட கையில. மகன் வந்துதான் மீட்டுத் தந்தவன்.”

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அங்கிள்.”

“ஆரிட்டச் சொல்லுறது? நீங்கள் எழுதினதை எல்லாரும் வாசிச்சிட்டினம். அதுக்குப் பிறகு நான் வந்து, நான் கள்ளன் இல்லையெண்டு சொல்லவோ?”

பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோது என்னால் பேச முடியவில்லை. அந்த பிப்ரவரியில் மண்டபக்காரர்கள் கேட்டதால் இரண்டு வாரம் ஆராதனையைக் காலைக்கு மாற்றினோம். அறிவிப்பைக் குழுவில் மட்டும்தான் போட்டோம். அங்கிள் குழுவில் இல்லை. அவரும் ஆன்டியும் வழக்கம்போல மூன்று மணிக்கு ரயிலில் வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் குளிரில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறும் வந்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறும் பூட்டுதான்.

“அவ சொன்னா, எங்களை வேண்டாமெண்டுதான் சொல்லாமல் இடத்தை மாத்திப் போட்டினம் எண்டு. நான் அப்பிடி இருக்காது எண்டனான். ஆனால் எனக்கும் தெரியேல்லைத்தானே.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ஒருக்கா ஃபோன் அடிச்சுக் கேட்டிருக்கலாம் பிள்ளை.”

பெரிய நிறுவனத்துக்குக் கோடிக்கணக்கான கணக்குகள். அவர்களால் ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்ய முடியாது என்று சாக்குச் சொல்லலாம். எங்கள் குழுவில் மொத்தம் 84 பேர். அங்கிளின் நம்பர் என் ஃபோனிலேயே இருந்தது. எனக்கு என்ன சாக்கு?

அன்று மாலையே போதகரிடம் சொன்னேன். குழுவில் எல்லாரும் பார்க்க எழுதித்தான் அவரைக் குற்றவாளி ஆக்கினேன். ஆகவே மன்னிப்பையும் அதே குழுவில் எல்லாரும் பார்க்கவே எழுதினேன். தனியாகக் கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், அவருக்கு நியாயம் கிடைத்திருக்காது. அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். ஆன்டி தேநீர் தந்தார். அதிகம் பேசவில்லை.

என் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் இது உங்களில் யாருக்கும் நடக்கலாம். நாம் வாழும் ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2024 பிப்ரவரி 17 முதல் அது முழுமையாக நடைமுறையில் உள்ளது. அதன்படி, கணக்கை நிறுத்தினால் தளங்கள் காரணம் சொல்ல வேண்டும். ஏமாற்றும் நோக்கத்தோடு மொத்தமாக அனுப்பப்படும் வணிகச் செய்திக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. பெரிய தளங்கள் ஆறு மாதம்வரை இலவசமாக முறையீடு செய்ய வழி வைத்திருக்க வேண்டும். அந்த முறையீட்டை இயந்திரம் மட்டும் முடிவுசெய்யக் கூடாது, மனிதரும் பார்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் அரசு அங்கீகாரம் பெற்ற வெளி அமைப்பிடம் போகலாம். டப்ளினில் ‘அப்பீல்ஸ் சென்டர் யூரோப்’, பெர்லினில் ‘யூசர் ரைட்ஸ்’ ஆகியவை அப்படிப்பட்டவை. அவற்றின் முடிவு தளத்தைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் ஒரு மனிதர் நம் பக்கத்தைக் கேட்பார்.

நான் முறையாக எழுதினேன். அனுப்பிய செய்தியின் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும், ஆராதனை அறிவிப்புத் தாளின் படத்தையும் இணைத்தேன். 71-ஆம் நாள் இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல்: தவறு நேர்ந்துவிட்டது, கணக்கு திரும்பத் தரப்பட்டது. திறந்தவுடன் கையில் கட்டோடு நிற்கும் அந்தப் படத்தைத்தான் தேடினேன். “நல்லாருக்கு மக்களே” அங்கேயே இருந்தது. ஐக்கியத்தின் பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. புதிதாகத் தொடங்கியிருக்கிறோம்.

என் அனுபவத்திலிருந்து சில காரியங்கள்:

உங்களுக்கு அருமையானவற்றை இன்றே தரவிறக்கி வேறிடத்தில் வையுங்கள். பெரும்பாலான தளங்களின் அமைப்புகளில் அதற்கு வழி உண்டு. பூட்டிய பிறகும் உங்கள் தரவின் நகலைக் கேட்க ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது.

பொதுப் பக்கத்துக்கு இரண்டு நிர்வாகிகளாவது இருக்கட்டும்.

கணக்கு நின்றால் அவசரப்பட்டுப் புதுப்புதுக் கணக்கு தொடங்காதீர்கள். சந்தேகம் கூடும். பணம் தந்தால் மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவனை நம்பாதீர்கள். அவன்தான் அசல் மோசடிக்காரன்.

ஃபோனுக்கு வரும் ஆறு இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். வீட்டில் அப்பா அம்மாவின் ஃபோனிலும் நீங்களே போட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, உங்களில் பலர் ஏதோ ஒரு குழுவுக்கு நிர்வாகியாக இருப்பீர்கள். வகுப்புக் குழு, விளையாட்டுக் குழு, பாடகர் குழு. நீக்கும் பொத்தான் உங்கள் கையிலும் இருக்கிறது. ஆபத்தான செய்தி வந்தால் அழியுங்கள், தேவையானால் ஆளையும் நிறுத்தி வையுங்கள். ஆனால் அன்றைக்கே அவருக்கு ஒரு ஃபோன் செய்யுங்கள். ஏழு நாள் கழித்து இன்னொரு தரம் விசாரியுங்கள். இப்போது நம் சபைக் குழுவின் விதி இதுதான். ஆராதனை நேர மாற்றத்தைக் கதவிலும் ஒட்டுகிறோம்.

பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று அங்கிள் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இப்போது அநேகமாக எல்லா வாரமும் வருகிறார். ஆன்டி இன்னும் வரவில்லை. நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். போன தடவை போனபோது, அடுத்த ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். எனக்காகவும்.

உங்கள் அன்பு அக்கா